தொடக்கூடாத பணம்

மதுரநாயகத்துக்கு நாற்பது குரல்கள் தெரியும். கிழவனாகப் பேசுவார், கைக்குழந்தையாக அழுவார். அடியாள், வீட்டுக்கார அம்மாள், கிளி, ரயில் நிலைய அறிவிப்பு, எதைக் கேட்டாலும் அடுத்த நொடி அது அவர் தொண்டையில் இருக்கும். டப்பிங் தியேட்டர்களில் முப்பது வருஷம் பிழைத்தது அப்படித்தான். வேலை குறைந்த பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், மலையடிவாரத்து மடமொன்றுக்கு மாதம் இரண்டு நாள் வந்து தங்கும் வழக்கம் வந்தது. மடத்தை நடத்திய பூரணி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார நாயகம் கூச்சப்பட்டதில்லை.

அந்தமுறை ஒரு கேள்வியோடு வந்தார்.

வேலை இல்லாத நாட்களில் வீட்டுச் செலவையெல்லாம் கிரெடிட் கார்டில் தேய்த்திருந்தார். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் கட்டி, பாக்கி ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்தில் வந்து நின்றது. வட்டியே மாதம் பதினெட்டாயிரம் ஆனது. இன்னொரு பாங்கில் அவர் பெயரில் ஆறு லட்சம் டெபாசிட் இருந்தது. அது மாதம் மூவாயிரத்துச் சொச்சம் ஈட்டியது. டெபாசிட்டை உடைத்துக் கடனை அடைத்துத் தொலையேன் என்று நண்பர்கள் திட்டாத நாளில்லை.

"உடைக்கலாமா, அம்மா?"

"எதுக்காகச் சேர்த்தீங்க?"

நாயகம் தன் அப்பா இறந்த நாளைச் சொன்னார். பிணத்தை எடுத்துப்போக வண்டிக்குக் கொடுக்கக் காசில்லை. பதினாறு வயதுப் பிள்ளையாகத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நான்காவது வீட்டில் கிடைத்தது. ஒரே மகள் அருள்மொழிக்கு அந்தத் தெரு வேண்டாம்.

"நான் போற அன்னிக்கு அவ நிம்மதியா அழணும்மா. வேற எதையும் யோசிக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்தப் பணம். அதைத் தொட மனசு வரல."

பூரணி அம்மா பதில் சொல்வதற்குள் நாயகத்தின் செல்போன் அடித்தது. கார்டு பாக்கி கேட்கிற ஆள்.

நாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பியாகிப் பேசினார். அண்ணன் வெளியூர் போயிருக்கிறார், போனை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள் என்றது எதிர்க்குரல். ஒரு கணம் யோசித்தார். பிறகு போனை யாரோ பிடுங்கியதுபோலச் சலசலப்புக் காட்டி, எழுபது வயதுக் கிழவியானார்.

"அவன் போயிட்டாம்ப்பா. முந்தாநாள் காலையில. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவன்தான்."

எதிர்முனையில் குரல் தணிந்தது. மன்னிச்சுக்கோங்கம்மா என்றது. இணைப்பு அறுந்தது.

நாயகம் பூரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எந்தத் தியேட்டராக இருந்தாலும் இந்த இடத்தில் கைதட்டியிருப்பார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"இனிமே கூப்பிட மாட்டாங்களா?"

பத்து நாளுக்காவது தொல்லை இல்லை என்றார் நாயகம்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி போன் அடித்தது. அருள்மொழி, கோயம்புத்தூரிலிருந்து. எடுத்ததும் அழுகைதான் கேட்டது. அப்பா போன் யார் கையில் இருக்கிறது, அப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அம்மாடி, அப்பாதான் பேசறேன்."

அழுகை சட்டென்று நின்றது.

"சேகர் மாமாவா? இந்த நேரத்துல அப்பா குரல்ல பேசாதீங்க மாமா. உங்க கால்ல விழறேன்."

சேகர் அவரோடு இருபது வருஷம் டப்பிங் பேசியவர், அவர் குரலை அச்சாகப் பேசக்கூடியவர். பேசுவது தானேதான் என்று நிரூபிக்க நாயகத்திடம் நாற்பதில் ஒரு குரலும் இல்லை. மகள் பிறந்த நட்சத்திரத்தைச் சொன்னார். அவளுடைய முதல் பள்ளிக்கூடத்தைச் சொன்னார். அதெல்லாம் மாமாவுக்கும் தெரியும் என்றாள். கடைசியில் அவர் ஒன்றும் சொல்ல முடியாமல் விம்மினார். அந்த விம்மலைக் கேட்டுத்தான் அவள் நம்பினாள்.

பிறகு அவள் பேசியதையெல்லாம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்ததும் அம்மாவிடம் சொன்னார். கார்டு விண்ணப்பத்தில் இன்னொரு நம்பர் கேட்டிருந்தார்கள், மகளுடையதைக் கொடுத்திருந்தார். கார்டுக்காரர்கள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆழ்ந்த அனுதாபங்கள் என்றார்களாம். காரியமெல்லாம் முடியட்டும், பாக்கியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்களாம். எந்தப் பாக்கி என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே எவ்வளவு என்று கேட்டாளாம்.

"டெபாசிட் இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலம்மா."

வெளியே யாரோ முற்றம் பெருக்கும் சத்தம் கேட்டது. நாயகம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு பழைய கேள்விக்கே வந்தார்.

"உடைச்சா தொண்ணூறாயிரம்தான் மிஞ்சும். மறுபடி சேர்க்கறதுக்குள்ள எனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"அதான் இப்பவே ஆயிடுச்சே, நாயகம்" என்றார் பூரணி அம்மா. "அவ கைக்கு எது முதல்ல போய்ச் சேர்ந்தது? டெபாசிட்டா, பாக்கியா?"

நாயகம் வாயைத் திறந்தார். எந்தக் குரலும் வரவில்லை.