அடிக்கும் முன் அசைந்த பந்து

"மாஸ்டர், ஒரு சந்தேகம். அடிக்கிறதுக்கு முன்னாடியே பந்து அசைஞ்சிட்டா யார் பொறுப்பு?"

கேட்டவருக்கு வயது ஐம்பத்தேழு. கேட்கப்பட்டவருக்கு நாற்பத்திரண்டு.

சூசைராஜ் அந்த மலைமேல் உள்ள கோல்ஃப் மைதானத்தில் பதினாறு வருடமாக அடுத்தவர் மட்டைப் பையைத் தோளில் சுமக்கும் கேடி. ஹபீப் கேடிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஆட்டத்தின் சட்டம் அவருக்கு மனப்பாடம். மூன்று மாதமாக அந்தச் சட்டப் புத்தகத்தை வரி வரியாகச் சொல்லிக் கொடுத்ததால் சூசைராஜுக்கு அவர்தான் குரு. "கிழட்டுச் சிஷ்யன் பாடத்துக்குக் கிளம்பிட்டான்" என்று கேடிகள் கொட்டகையில் கேலி பேசுவார்கள். சூசைராஜ் காதில் போட்டுக்கொண்டதில்லை. துண்டுப் பிரசுரம் படித்துப் படித்தே தேயிலைத் தோட்டத்தில் சங்கம் கட்டியவர் அவர். முதலாளி எழுதிய சட்டத்தை முதலாளியைவிட நன்றாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்று திங்கட்கிழமை. கிளப் உறுப்பினர்கள் வராத நாள். வாரத்தில் அந்த ஒரு நாள் மைதானம் கேடிகளுக்கு.

அன்றைய ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் இருந்தது. சின்னையா என்ற கேடிக்கு யாரோ அடித்த பந்து பட்டு ஒரு கண் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு ஐந்து மாதம் கத்திய பிறகு கிளப் கமிட்டி இறங்கி வந்தது. திங்கட்கிழமை ஆட்டத்தில் ஜெயிப்பவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி அறைக்குள் வரலாம், ஒருவர் மட்டும், பத்து நிமிடம் பேசலாம். பசித்தவர்களை ஓடவிட்டு, முதலில் வருபவனுக்கு மட்டும் சோறு போடுகிற பெருந்தன்மை.

சூசைராஜ் எண்பது அடியில் முடித்தார். அடுத்து வந்த போஜன் எண்பத்தொன்று. குறைவாக அடித்தவருக்கே வெற்றி. அட்டையில் கையெழுத்துப் போட்டு ஹபீபிடம் கொடுத்தால் முடிந்தது.

சூசைராஜ் கொடுக்கவில்லை. அட்டையைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். கொட்டகை வாசல் வரை போனார், திரும்பி வந்தார்.

"எந்த இடத்துல அண்ணே?" என்றார் ஹபீப்.

"பொதுவாக் கேக்குறேன்."

"பொதுவாப் பந்து அசையாது. எந்தக் குழி?"

"பதினாலாவது. ஓரத்து நீளப் புல்லு."

"காத்து இருந்துச்சா?"

"மலையில காத்துக்கா பஞ்சம்?"

ஹபீப் எழுந்தார். ஒரு பந்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே வெட்டாத புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. புல்லின் மேல் பந்தை உட்கார வைத்தார்.

தைல மரங்கள் வளைந்து நிமிர்கிற காற்று. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து அசையவில்லை.

ஹபீப் மட்டையைப் பந்துக்குப் பின்னால் மெல்ல ஊன்றினார், அடிக்கப் போகிறவர் ஊன்றுவது போல. புல் அமுங்கியது. பந்து ஓர் அரிசி அளவு பின்னால் இறங்கியது.

"இவ்வளவா அண்ணே?"

"இதுல பாதிகூட இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சூசைராஜுக்கு உறைத்தது. முகம் சிவந்தது.

"அரை அரிசி மாஸ்டர்! அதுவும் பள்ளத்துல இறங்குச்சு. எனக்குத்தான் நஷ்டம். லாபமே இல்லாத தப்புக்குத் தண்டனையா?"

"அசைச்சதுக்கு ஒண்ணு. பழைய இடத்துல வைக்காம அடிச்சதால மொத்தம் ரெண்டு."

"எண்பத்திரண்டு ஆயிரும்."

"ஆமா."

"போஜன் ஜெயிச்சிருவான்."

"ஆமா."

"இந்தச் சட்டத்தை எழுதினவன் எவன்? பை தூக்கினவனா?"

"இல்ல. ஆனா காலையில மூணாவது குழியில சருகை எடுக்கிறப்ப பந்து அசைஞ்சிடுச்சுன்னு போஜனே உங்ககிட்ட வந்து சொன்னான். நீங்கதான் அவன் அட்டையில ஒண்ணு ஏத்துனீங்க. அப்ப இதைக் கேக்கலையே அண்ணே."

சூசைராஜ் நாலடி நடந்தார். திரும்பினார்.

"சரி, நான் அசைச்சதை யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல. அதனாலதான் உங்களைக் கேக்குறேன்."

காற்று ஓய்வதாக இல்லை.

"காத்துன்னு சொல்லுங்க, காத்துன்னு எழுதிக்குறேன்" என்றார் ஹபீப். "மறு கேள்வி கிடையாது. உங்க வார்த்தைதான் கணக்கு."

தோட்டத்தில் வேலையை விட்டு நீக்கியபோது நடந்த விசாரணையில் சூசைராஜ் பதினோரு நாள் பேசினார். முடிவில் அதிகாரி எழுதியது ஒரே வரி: தொழிலாளியின் கூற்றை ஏற்க ஆதாரமில்லை. அந்த வரியை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். அவருடைய வார்த்தை ஒன்றே போதும் என்று அதற்கு முன்பும் பின்பும் ஒருவரும் சொன்னதில்லை.

இன்று சொல்கிறார்கள். அதுவும் இதற்கு.

ஹபீபின் சட்டைப்பையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினார். எண்பதைக் குறுக்கே கோடிட்டு அடித்தார், எண்பத்திரண்டு என்று எழுதினார். பென்சில் முனை ஒடியும்படி கையெழுத்துப் போட்டு அட்டையை நீட்டினார்.

"நான்தான் அசைச்சேன். போதுமா?"

ஹபீப் வாங்கிக்கொண்டார்.

"திருப்திதானே மாஸ்டருக்கு? நாளைக்கு உள்ள போறது போஜன். செகரட்டரி தும்மினா கைக்குட்டையை நீட்டுற ஆளு. 'சரிங்க சார், நல்லதுங்க சார்'னு ரெண்டே நிமிஷத்துல வெளிய வருவான். என் யோக்கியதையை வெச்சு சின்னையா என்ன பண்ணுவான்? போன கண்ணுல ஒட்டிக்குவானா?"

ஹபீப் குனிந்து பந்தை எடுத்தார். ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார்.

"போஜனுக்குப் பேசவே வராதா அண்ணே?"

"கமிட்டி ரூமுக்குள்ள கால் வெச்சா அவனுக்கு நாக்கு ஒட்டிக்கும். அவனுக்கு மட்டுமா? இங்க இருக்குற நாப்பது பேருக்கும் அப்படித்தான். நாலு பேர் முன்னாடி நிமிந்து நின்னு பேசத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். தோட்டத்துலயும் நான்தான், இங்கயும் நான்தான். முப்பத்தோரு வருஷமா நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன்!"

குரல் கொட்டகை வரை கேட்டிருக்க வேண்டும். குழாயடியில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்த போஜன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஆட்டம் அவன் பக்கம் திரும்பியது அவனுக்கு இன்னும் தெரியாது.

ஹபீப் அவனைப் பார்த்தார். பிறகு சூசைராஜைப் பார்த்தார்.

"இந்த முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேருக்குப் பேசக் கத்துக் குடுத்தீங்க அண்ணே?"

சூசைராஜ் எண்ணுவதற்குக் கையை விரித்தார். ஒரு விரலும் மடக்காமலே போஜன் இருந்த குழாயடியை நோக்கி நடந்தார்.