சால்வையில் காணாமல்போன சூடு

ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் ரங்கப்பருக்கு மார்கழிக் குளிரில் பல் கிட்டியது. சலவைக்காரி சிட்டாயியை இழுத்துவரச் சொன்னார்.

"நீ வெளுத்ததில் என் சால்வையிலிருந்த சூடெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் கொண்டுவா. இல்லையென்றால் ஊரைவிட்டே போ!"

சிட்டாயி முற்றத்தில் கிடந்த விறகுக் குவியலைப் பார்த்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்: "சூடு அந்த விறகுக் குவியலுக்குள் ஒளிந்திருக்கிறது, எசமான். சால்வையைப் போர்த்திக்கொண்டு நீங்களே பிளந்தால்தான் வெளியே வரும்."

மிட்டாதார் கோடரியை எடுத்தார். பத்தாவது கட்டையில், "வந்துவிட்டது!" என்று கத்தினார். முப்பதாவது கட்டையில் வியர்வை கொட்ட, சால்வையைத் தூக்கி எறிந்தார். அப்போதும் உடம்பு தகித்தது.

"சால்வை அங்கே கிடக்கிறது, சூடு இங்கே இருக்கிறதே?" என்று விழித்தார்.

"அது உங்கள் உடம்பு உண்டாக்கிய சூடு, எசமான். சால்வைக்குக் காவல் காக்க மட்டும்தான் தெரியும்."

வேலையாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிளந்த விறகை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.