அயிரைக்கு ஒரு தரை

கோடை முற்றிவிட்டது. காட்டுப் பாறையின் அடியில் இருந்த குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது.

அந்தக் குட்டையில் ஒரு கெண்டையும் ஓர் அயிரையும் வாழ்ந்தன. கெண்டை எப்போதும் மேல்தண்ணீரில் துள்ளித் திரியும். அயிரை ஒரு விரல் நீளம்தான். வாயைச் சுற்றி மெல்லிய மீசை. அது எப்போதும் அடியிலேயே கிடக்கும்.

ஒரு நாள் காலையில் கெண்டையின் முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

"யாராவது வாருங்களேன்! எங்கள் வீடு வற்றிப் போகிறது!" என்று அது கத்தியது.

மரத்திலிருந்து ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது.

"இதற்கா இத்தனை சத்தம்? பூட்டிக் கிடக்கும் வன பங்களாவின் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. யாரோ மீன் வளர்த்துவிட்டு விட்டுப்போன தொட்டி. மேலே ஊற்றுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழை வரும்வரை நீங்கள் இருவரும் என் விருந்தாளிகள்!"

குரங்கு ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு, இரண்டு மீன்களையும் அதில் எடுத்துக்கொண்டது. குட்டைக் கரையில் வளை தோண்டி வாழ்ந்த நண்டும் பின்னாலேயே கிளம்பியது.

"நீ எதற்கு?" என்றது குரங்கு.

"வழியில் ஒரு மாம்பழத்தைப் பார்த்தால் நீங்கள் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிடுவீர்கள், குரங்கண்ணே! யாராவது கூட வர வேண்டாமா?"

தொட்டி விசாலமாக இருந்தது. கெண்டை ஒரே பாய்ச்சலில் ஒரு சுற்று வந்தது. அயிரை மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கி நடுங்கியது.

"அண்ணே, கீழே இன்னொரு அயிரை இருக்கிறது! நான் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது!"

குரங்கு குனிந்து பார்த்தது. "அட, அது நீயேதான்! அடியில் வெறும் கண்ணாடி அல்லவா? அதில் உன் உருவம் தெரிகிறது. ஒரு தரை போட்டுவிட்டால் சரியாகிவிடும்."

என்ன தரை போடுவது? அங்கேதான் சண்டை தொடங்கியது.

"பங்களாப் பாதையில் சரளைக்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமாக எப்படி மின்னுகிறது தெரியுமா? அதையே போடுவோம்!" என்றது குரங்கு.

"கல்லா? மணல் போடுங்கள்! நான் பிறந்தது முதல் மணலில்தான் வளை தோண்டுகிறேன். அதைவிடச் சுகம் எங்கே இருக்கிறது?" என்றது நண்டு.

"நீயா தொட்டிக்குள் இருக்கப் போகிறாய்?"

"நீங்களா இருக்கப் போகிறீர்கள்?"

அந்தப் பக்கம் வந்த ஒரு மைனாவையும் ஓர் அணிலையும் குரங்கு கூப்பிட்டு நியாயம் கேட்டது.

மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது. "கல்தான். பறக்கும்போதே கண்ணில் படும்."

"எனக்கும் கல்தான்," என்றது அணில். "மணல் என் வாலில் ஒட்டிக்கொள்ளும்."

"நான் மேலேதானே இருப்பேன்? அழகாக இருப்பதைப் போடுங்கள்," என்றது கெண்டை.

கடைசியில் குரங்குக்கு ஞாபகம் வந்தது. "அயிரைத் தம்பி, உனக்கு எது வேண்டும்?"

அயிரைக்கு மணல்தான் வேண்டும். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இன்னொருவர் இடத்தில் வந்து தங்கிக்கொண்டு, இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கலாமா?

"எதுவானாலும் சரி அண்ணே. உங்களுக்கு எது வசதியோ அதையே போடுங்கள்," என்றது.

"கேட்டாயா நண்டே! எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று குரங்கு கல்லை அள்ளி அள்ளிப் போட்டது.

தொட்டி மின்னியது. மைனா தினமும் புழுவும் பூச்சியும் கொண்டுவந்து போட்டது. கெண்டை பாதித் தண்ணீரிலேயே பாய்ந்து பிடித்துத் தின்றது. மிச்சமெல்லாம் கீழே இறங்கிக் கல்லிடுக்குகளில் விழுந்தது.

மீசைதான் அயிரைக்குக் கை. அடியில் தடவித் தடவித்தான் அது இரை தேடும். இங்கே தடவிய இடமெல்லாம் கல்லின் கூர்முனை. இரையின் வாசனை வந்தது. ஆனால் வாய் இடுக்குக்குள் நுழையவில்லை. மீசை கீறிக் கீறித் தேய்ந்தது.

"தம்பி, சாப்பிட்டாயா?" என்று குரங்கு தினமும் கேட்கும்.

"ஆயிற்று அண்ணே. வயிறு நிறைந்துவிட்டது," என்று அயிரை தினமும் சொல்லும்.

"கூச்சப்படாதே! இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறேன்!"

இரை அதிகமாகியது. தண்ணீர் மங்கியது. பிறகு நாறத் தொடங்கியது. கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது.

"அண்ணே, எனக்கு மூச்சு முட்டுகிறது!"

குரங்கு தலையைச் சொறிந்தது. இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? அது தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லை அள்ளியது. விரல்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ வழிந்தது. அழுகிய புழுக்கள்!

குரங்கு கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அயிரையை உற்றுப் பார்த்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. மீசை இருந்த இடத்தில் வெளிறிய குச்சிகள்தான் இருந்தன.

"வயிறு நிறைந்துவிட்டது என்றாயே!"

"விருந்துக்கு வந்த இடத்தில் குறை சொல்லலாமா அண்ணே?"

"நீ சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன, கல்லுக்கடியிலா உட்கார்ந்திருக்கிறேன்?"

"நான் அப்போதே சொன்னேனே! மணல்! மணல்!" என்று நண்டு கொடுக்கை ஆட்டிக் குதித்தது.

மீன்களைக் கொட்டாங்கச்சிக்கு மாற்றிவிட்டு, குரங்கு கல்லையெல்லாம் வெளியே எடுத்தது. தொட்டியைக் கழுவியது. ஓடைக் கரைக்கு ஓடி மணல் அள்ளி வந்து கொட்டியது. "இன்னும்! இன்னும்! என் வளை ஆழத்துக்குப் போடுங்கள்!" என்று நண்டு உத்தரவு போட்டது.

பாதித் தொட்டி மணலால் நிறைந்தது. தண்ணீர் விட்டதும் எல்லாம் கலங்கித் தேநீர் நிறமாகிவிட்டது. கெண்டையை அதில் விட்டார்கள்.

"என் வால் எங்கே? எனக்கே தெரியவில்லையே!" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

குரங்கு நண்டைத் திரும்பிப் பார்த்தது. நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சேறு அதோடு போய்விடும். இங்கே ஓடாது என்பதை நான் யோசிக்கவில்லை," என்று முணுமுணுத்தது.

குரங்கு கெண்டையை அவசரமாகக் கொட்டாங்கச்சிக்கே திருப்பியது. இந்த முறை அது மைனாவைக் கூப்பிடவில்லை. அணிலையும் கூப்பிடவில்லை. கொட்டாங்கச்சியின் மேல் குனிந்து அயிரையிடம் பேசியது.

"தம்பி, 'எதுவானாலும் சரி' என்று மட்டும் சொல்லாதே. அதைத் தவிர என்ன வேண்டுமானாலும் சொல்!"

அயிரை கொட்டாங்கச்சியின் விளிம்புக்கு நீந்தி வந்தது. பிறகு மெதுவாகத் தொடங்கியது.

"மணல்தான் அண்ணே வேண்டும். ஆனால் அதை நன்றாக அலச வேண்டும். அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். நான் புதைகிற அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் போட்டால் அடிமணலைக் கிளற ஆள் இல்லை. அங்கேயும் அழுகத் தொடங்கிவிடும்."

"அப்புறம்?"

"குழாய் சொட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூழாங்கல் வையுங்கள். இல்லாவிட்டால் சொட்டு விழுந்து விழுந்து அந்த இடம் பள்ளமாகிவிடும். உருண்டைக் கல்லாகப் பாருங்கள், என் மீசை பாவம்!"

"பார்த்தாயா, கல்லும் வேண்டுமாம்!" என்றது குரங்கு.

"மணலைத்தான் முதலில் கேட்டது!" என்றது நண்டு.

பிறகு குரங்கு அயிரையைப் பார்த்தது. "இத்தனையையும் மனதுக்குள் வைத்துக்கொண்டா எதுவானாலும் சரி என்றாய்?"

அயிரை சொன்னபடியே தரை தயாரானது. தண்ணீர் பளிங்குபோல நின்றது. முதலில் கெண்டையையும் பிறகு அயிரையையும் தொட்டிக்குள் விட்டார்கள். அயிரை மணலில் மூக்கை வைத்தது. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அவ்வளவுதான், ஆளைக் காணோம்!

"ஐயோ! தம்பியை மணல் விழுங்கிவிட்டது!" என்று குரங்கு கையை விட்டது.

நண்டு அந்தக் கையை லேசாகக் கிள்ளியது. "கையை எடுங்கள் அண்ணே! அங்கே பாருங்கள்!"

மணலுக்கு நடுவே கடுகுபோல இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அயிரை வெளியே வந்தது. வாய் நிறைய மணலை எடுத்து மென்றது. செவுள் வழியாக மணல் தூசியாய் உதிர்ந்தது.

"மணலையா தின்கிறாய்?"

"மணலைத் துப்பிவிடுவேன் அண்ணே. அதில் இருக்கும் இரை மட்டும் உள்ளே போகும்."

குரங்கு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த மாம்பழத்தை அணில் உருட்டிக்கொண்டு போனதுகூட அதற்குத் தெரியவில்லை.

அயிரையின் வயிறு நிறைந்தது. மீசை மெல்ல மெல்லத் துளிர்த்தது. மழையும் வந்தது.

குட்டை நிறைந்ததும் குரங்கு இருவரையும் கொட்டாங்கச்சியில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. கெண்டை ஒரே துள்ளலில் தண்ணீருக்குள் குதித்துவிட்டது.

"தம்பி, உன்னை எங்கே விடட்டும்? இந்தப் பக்கம் பாறை. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் முள்புதரைத் தாண்ட வேண்டும்."

"அந்தப் பக்கம்தான் அண்ணே. அங்கேதான் மணல் இருக்கிறது."

"முள் குத்துமே!"

"தெரியும் அண்ணே. கொஞ்சம் பார்த்து நடங்கள்!"

குரங்கு கடகடவென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே முள்புதருக்குள் காலை வைத்தது.

ஒருவருக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் வாழப்போகிறவரைக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவரும் கூச்சப்படாமல் தன் தேவையைச் சொல்ல வேண்டும்.