தவசுமணியின் பாட்டு ஓடிய கதை

துறையூரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தினார்கள். பாடுவதற்குத் தவசுமணி, கிடார் வாசிக்கப் பெரியண்ணன், டோலக் தட்ட மருதை. யோசிப்பதற்குத்தான் ஆள் போடவில்லை.

மூவருமாக ஒரு பாட்டுப் பதிவு செய்தார்கள். தவசுமணி தன் மனசில் இருந்த முத்தழகியை நினைத்து எழுதியது. நாலு நிமிஷம் அவளை வெள்ளரிப் பிஞ்சோடு ஒப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று முடியும். வெள்ளரிப் பிஞ்சு எதற்குப் பொறுக்க வேண்டும் என்பது அவனுக்கே தெரியாது.

முத்தழகி கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அவளுக்கும் தவசுமணியைப் பிடிக்கும். ஏன் என்று அவளும் நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

"இப்ப சிடியெல்லாம் யாரு வாங்குறா? பாட்டை மேல ஏத்தணும். நல்லா ஓடணும். ஜனங்க கேக்கணும். அப்பதான் காசு வரும்," என்றாள். "முதல் காசு வந்த அன்னிக்கு எங்கப்பாகிட்ட வந்து பொண்ணு கேளு. வெறுங்கையோட வந்தா மாவு மில்லுக்குள்ள கட்டிப் போட்டுருவாரு."

தவசுமணி அன்றைக்கே காரியத்தில் இறங்கினான். ஊரில் எல்லாவற்றையும் விட உயரமானது தண்ணீர்த் தொட்டி. பாட்டு இருந்த செல்போனைத் துண்டில் முடிந்துகொண்டு மூவரும் ஏறினார்கள். பாதி ஏணியில் மருதைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பாட்டு மட்டும் ஏறினா போதுமா, டோலக்கும் ஏறணுமா?"

"பாட்டுக்குள்ளயே டோலக் இருக்குல்ல?" என்றான் பெரியண்ணன்.

"இருக்கு. நாந்தான் தட்டினேன்."

"அப்ப நீயும் உள்ளதான் இருக்க. தனியா எதுக்கு ஏறுற?"

மருதை நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனான்.

விஷயம் தெரிந்து முத்தழகி தலையில் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டிப் பாட்டை ஆப்பில் ஏற்றிவிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அவள் ஏற்றியதைப் பார்த்ததும் தவசுமணிக்கு அவள் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

கொஞ்ச நாள் போனது. "என்ன தவசு, பாட்டு ஓடவே இல்லையே," என்றாள்.

மருதை வீட்டு ஆட்டின் கழுத்தில் போனைக் கட்டி, பாட்டைப் போட்டுவிட்டு விரட்டினார்கள். ஆடு சந்தைக்குள் பாய்ந்து, முறுக்குத் தட்டைக் கவிழ்த்து, ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. பாட்டு நன்றாகவே ஓடியது. ஆனாலும் காசு வரவில்லை.

"ஒருத்தர் அரை நிமிஷமாவது கேட்டாத்தான் கணக்குல சேரும்," என்றாள் முத்தழகி.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"ஆடு ரொம்ப வேகம். எருமை மேல கட்டலாம்," என்றான் தவசுமணி.

"எருமை நடக்கும், ஓடாது. நடந்தா பாதிக் காசுதான் குடுப்பாங்க," என்றான் பெரியண்ணன்.

"பாதி இப்ப வாங்கிக்குவோம். எருமைக்கு எப்பவாவது அவசரம் வந்தா மீதியையும் வாங்கிக்கலாம்," என்றான் மருதை.

எருமை பாடிக்கொண்டே கடைவீதியில் நடந்தது. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களே தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தவசுமணி பூக்கடை ராசம்மாளிடம் போய்க் கெஞ்சினான்.

"அக்கா, பாட்டைக் கேளுங்கக்கா."

"என்னத்தப்பா கேக்க?"

"மனசுல பட்டதைக் கேளுங்க."

ராசம்மாள் எருமையின் கழுத்தருகே குனிந்தாள். "துபாய்க்குப் போன எம்மவன் எப்பப்பா வருவான்?"

பாட்டு அப்போதுதான் முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு," என்றது.

மறு வாரமே மகன் பெட்டியோடு வந்து இறங்கினான். அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்தது. பஸ் எப்போது வரும், கரண்ட் எப்போது வரும், மருமகள் எப்போது திருந்துவாள் என்று கேட்டார்கள். பாட்டு ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எருமைக்கு முன்னால் வரிசை நீண்டுபோனதால் பாக்கிப் பேர் தங்கள் தங்கள் போனிலேயே போட்டுக் கேட்டார்கள். பதில் கடைசியில்தான் வரும் என்பதால் நாலு நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை முத்தழகி போனில் கத்தினாள். "தவசு! காசு விழுந்துடுச்சு! பேங்குக்குப் போ! மத்தியானம் அப்பாவைப் பாக்க வந்துடு!"

தவசுமணி மற்ற இருவரையும் உலுக்கி எழுப்பினான். "விழுந்துடுச்சாம்டா," என்றான். மூவரும் தைல பாட்டிலும் கட்டுத் துணியுமாகப் பேங்குக்கு ஓடினார்கள்.

ஊரே கேட்டதற்கு மொத்தமாக நூறு ரூபாய் சேர்ந்திருந்தது. காசாளர் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தில் ஒரு கிழிசல்.

"அடி பட்டிருக்குடா," என்றான் பெரியண்ணன். அவன் தைல பாட்டிலைத் திறந்தான்.

"எவ்வளவு உசரத்திலேர்ந்து விழுந்துச்சுங்க?" என்று கேட்டான் தவசுமணி.

"அடுத்த ஆளு வாங்க," என்றார் காசாளர்.

"சொல்ல மாட்டேங்குறாரு. அப்ப பலமான அடிதான்."

முத்தழகியின் அப்பா கலியமூர்த்தி மில்லில் காத்திருந்து காத்திருந்து, கோபமாகத் தேடிக்கொண்டு வந்தபோது மூவரும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள்.

"பொண்ணு கேக்க வரேன்னுட்டு இங்க என்னய்யா பண்ற?"

"விழுந்துடுச்சுங்க மாமா," என்று தவசுமணி உள்ளங்கையை மெல்ல விரித்துக் காட்டினான்.

கலியமூர்த்தி கிழிசலை உற்றுப் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்துபோனது.

"ஆட்டாதய்யா! எலும்பு கிலும்பு விலகியிருக்கப் போவுது," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நோட்டையே இப்படிப் பாத்துக்கறவன் எம்பொண்ணை எப்படிப் பாத்துக்குவான்! தை பொறந்ததும் கல்யாணத்தை வச்சுக்கலாம்." அவரும் வரிசையில் நின்றுகொண்டார்.

சீட்டுப் போடுகிற அம்மா தலை நிமிராமல் கேட்டார். "பேஷண்ட் வயசு?"

தவசுமணி நோட்டைத் திருப்பிப் பார்த்தான். "நூறுங்க."

"நூறா? அவரையா இவ்வளவு நேரம் வரிசையில நிக்க வச்சிருக்கீங்க? முதல்ல உள்ள கொண்டுபோய்ப் படுக்க வைங்க!"

நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, அலுங்காமல் குலுங்காமல் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.