இன்னாசி கடைசியாகத் தொட்ட கோப்பு

சுடலைமுத்து வயதில் குருவுக்கு மூத்தவன். அதனால் குரு சீடனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். குருவின் பெயர் திலகவதி. எதற்கும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் ஆபீசில் எல்லோருக்கும் அவள் "குருவே".

ஒரு மதியம் அவன் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"குருவே, ஆஸ்பத்திரிக்காரங்க சாஃப்ட்வேரைப் புதுப் பதிப்புக்கு மாத்தியாச்சு. சர்வர் எழும்ப மாட்டேங்கு."

"என்ன சொல்லுது?"

"'மாத்திரை நேரம் சொல்ற பகுதியைக் கொண்டான்னு கேக்கீய. அப்படி ஒரு ஆளே இங்க இல்லியே! அடுத்த ஆள் வாங்க!'ங்குது."

ரேஷன் கடைக்காரர் குரலில் சொன்னான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த சாஃப்ட்வேரில் எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாது. கேட்கும். சர்வர் அதற்குள் வேண்டியதையெல்லாம் நிரப்பிக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். கொடுக்க வேண்டுமென்றால், கேட்கப்படுகிற பகுதியை எழுதிய கோப்பின் தலையில் ஓர் அடையாள வரி இருக்க வேண்டும். புதுப் பதிப்பில் அந்த அடையாளத்தின் பெயர் மாறிவிட்டது.

"அப்புறம்?"

"நீ தராட்டிப் போன்னு, அந்தப் பகுதியை நானே கையால உண்டாக்கி வச்சேன். சர்வர் எழும்பிட்டு. நோயாளிக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன், பாதியில நின்னு விழுந்துட்டு."

"அந்தப் பகுதிக்கு உள்ள பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நோயாளி விவரம் இல்ல. போன் இணைப்பு இல்ல. வெறுங்கூடு."

"நாமளா உண்டாக்கினா கூடுதான் அண்ணே வரும்."

அவன் மாற்றிய கோப்புகளின் பட்டியலை அவள் பார்த்தாள்.

"மத்த எல்லாக் கோப்புலயும் பழைய பேரை மாத்தியிருக்கீங்க. இது மட்டும் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இது இன்னாசி எழுதினது."

இன்னாசி அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். ஆடி மாதம் பைக்கில் ஊருக்குப் புறப்பட்டான். போய்ச் சேரவில்லை.

"மெயிலை மூடிட்டாங்க. நாற்காலியை மீட்டிங் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தக் கோப்பைத் திறந்தா மட்டும்தான் 'கடைசியாகத் திருத்தியவர் இன்னாசி'ன்னு வருது. நான் தொட்டா என் பேரு வந்துரும். எப்படித் தொட?"

திலகவதி நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். கோப்பைத் திறந்தாள். அடையாள வரியில் விரலை வைத்தாள்.

"இந்த வரியை முதல்ல எழுதினது யாரு?"

"இன்னாசிதான்."

"இல்ல, நான். போன தடவை பதிப்பு மாறினப்போ அவன்தான் வந்து அழிச்சு எழுதினான். 'எக்கா குருவே, உங்க பேரு போயிட்டு, கோவிச்சுக்கிடாதீங்க'ன்னான்."

இன்னாசியின் இழுவை அப்படியே அவள் வாயில் வந்தது. சுடலைமுத்து திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'சர்வர் ஓடுதா?'ன்னு கேட்டேன்."