கோமகனின் பகைவர்கள்

பிரெஞ்சு தேசத்திலே கோமகன்கள் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே கொபேர் என்று ஒரு குட்டிப் பிரபு. பெயர்தான் பிரபு! ஒரு கல்கோட்டை, ஒரு கிராமம், கொஞ்சம் பன்றிகள். அவ்வளவுதான் சொத்து.

அந்த ஊரில் ஒரு பொல்லாத வழக்கம். பிரபுவுக்கு நிலம் கொடுத்த கோமகன் வருஷத்துக்கு ஒருமுறை பரிவாரத்தோடு வந்து டேரா போடுவார். அவராகக் கிளம்பும்வரை விருந்து வைக்க வேண்டும். மாட்டேன் என்றால் நிலம் பறிபோகும்.

வந்தார் கோமகன். பத்து நாளாகியும் கிளம்புகிற வழியாயில்லை. கொபேர் தன் காரியக்காரர் ஒதானைக் கூப்பிட்டார்.

"ஓய், பனிக்காலம் வருகிறது. இருப்பது ஒரு பன்றி, ஒரு பீப்பாய் மது. அதுவும் போனால் ஊரே பட்டினி. இல்லையென்று சொன்னால் நிலம் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள் ஐயா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மத்தியானம் கோமகன் முன்னால் வந்தது ஒரு கிண்ணம் வாற்கோதுமைக் கஞ்சி. உப்புகூட இல்லை.

"என்ன இது! கறி எங்கே? மது எங்கே?" மேசையில் ஓங்கிக் குத்தினார் கோமகன்.

ஒதான் பவ்யமாகக் குனிந்தார். "கோமகனே, தங்களிடம் மண்டியிட்டு நிலம் வாங்கியபோது எங்கள் பிரபு என்ன சத்தியம் செய்தார்?"

"'உங்கள் நண்பர் என் நண்பர், உங்கள் பகைவர் என் பகைவர்.' எல்லாரும் செய்கிற சத்தியம்தானே? அதற்கென்ன இப்போது?"

"தங்கள் கால் வீக்கத்தைப் பார்த்துத் தங்களோடு வந்த வைத்தியர் காலையில் என்ன சொன்னார்?"

கோமகன் பக்கத்திலிருந்த வைத்தியரை முறைத்தார். வைத்தியர் மென்று விழுங்கினார். "பன்றிக்கறியும் மதுவும் கோமகனுக்குப் பரம பகைவர்கள், கஞ்சிதான் உற்ற நண்பன் என்றேன்..."

"கேட்டீர்களா! பகைவரை உள்ளே விட்டால் எங்கள் பிரபு சத்தியம் தவறினவர் ஆகிவிடமாட்டாரா? அதனால்தான் நண்பரை மட்டும் அழைத்தோம்."

கோமகன் மட்டும் லேசுப்பட்டவரா? "பேஷ்! அப்படியானால் அந்தப் பன்றிப் பகைவனைக் கட்டி இழுத்து வாரும். என் கையாலேயே தீர்த்துக்கட்டுகிறேன்!"

போச்சு, எல்லாம் போச்சு! கொபேர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒதான் அசரவில்லை. "தாராளமாக! ஆனால் அந்தப் பன்றிப் படையைத் தாங்கள் பத்தே நாளில் துவம்சம் பண்ணிவிட்டீர்கள். மிஞ்சியது ஒருத்திதான். அவளும் நிறைமாதக் கர்ப்பிணி. மாவீரரான தாங்கள் அவள்மேல் கை வைப்பீர்களா?"

கோமகன் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குதிரைகளுக்குச் சேணம் பூட்டுங்கள்! கொபேர், இன்னும் மூன்று வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். அவள் பிள்ளைகுட்டி பெற்றுப் படை திரட்டட்டும். அப்புறம் வந்து போர் தொடுக்கிறேன்!"