குயிலார் சொன்ன குடும்பக் குறிப்புகள்

ஏரிக்கரைக் காட்டில் கருப்பாயி என்றொரு காகம் இருந்தாள். வேப்பமரத்து உச்சிக் கவட்டில் அவள் கூடு. கூட்டில் புதிதாக இட்ட முட்டைகள். கணவன் பெயர் காத்தமுத்து. நல்லவன்தான். ஆனால் இரை தேடப் போனால், வழியில் நாலு பேரிடம் ஊர்க்கதை பேசாமல் திரும்ப மாட்டான்.

கருப்பாயிக்கு மூச்சுவிட நேரமில்லை. அடைகாக்க வேண்டும். காற்றில் கூடு பிய்ந்தால் சுள்ளி செருக வேண்டும். போன வருஷத்துப் பிள்ளைகள் வேறு இறக்கை முளைத்த பிறகும், "அம்மா, பசிக்குது!" என்று வந்து நிற்கும்.

"இன்னொரு பகல் கடனாக் கிடைச்சாக்கூடத் தேவலை!" என்று அலுத்துக்கொள்வாள் கருப்பாயி.

அந்தக் கோடையில்தான் மதுரகண்டன் என்ற குயில் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். பளபளவென்ற கறுப்பு உடம்பு. சிவந்த கண். கேட்டவர் காது கரையும் குரல். பக்கத்தில் அவர் மனைவி புள்ளியாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். தினமும் காலையில் குயிலார் இலுப்பை மரத்தின் உயர்ந்த கிளையில் ஏறிக் கூவுவார்.

"தாய்மார்களே! நேரம் போதவில்லையா? இரை போதவில்லையா? கவலையை விடுங்கள்! சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் சுலபமான வழிகளை நான் சொல்கிறேன்!"

தாய்மார்கள் கூடினார்கள். மைனா வந்தாள், புறா வந்தாள், முயல் வந்தாள். கருப்பாயியின் கூட்டுக்குக் கீழே மரப்பொந்தில் குடியிருந்த மூக்காயி என்ற அணிலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"முதல் குறிப்பு!" என்றார் குயிலார். "கூட்டில் வேப்பிலை போட்டு வையுங்கள். பூச்சி அண்டாது!"

"அடடா!" என்று வியந்தது கூட்டம். இது அங்கிருந்த எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் குரலில் கேட்டபோது புதிதாக இருந்தது.

"எந்த வேப்பிலையும் போதாது. தென்கரை வேம்பின் கொழுந்துதான் வேலை செய்யும்!"

கருப்பாயி வேப்பமரத்திலேயே குடியிருப்பவள். ஆனாலும் ஏரியைக் கடந்து தென்கரைக்குப் பறந்தாள். கொழுந்தைக் கொத்திக்கொண்டு திரும்புவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

"நம்ம மரத்து இலைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டான் காத்தமுத்து.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குயிலார் காரணம் இல்லாமலா சொல்வாரு?"

மறுநாள் குயிலார் சேமிப்பைப் பற்றிப் பேசினார்.

"பழத்தை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஒளித்து வைக்கிறீர்கள். பிறகு தேடித் தேடி நேரத்தைத் தொலைக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்! இதோ, நான் உட்கார்ந்திருக்கும் இந்த இலுப்பைப் பொந்து காலியாகத்தான் இருக்கிறது. நானே காவல்!"

மூக்காயி அணில் தன் அத்திப்பழங்களை எல்லாம் சுமந்து வந்து பொந்தில் கொட்டினாள். சில நாள் கழித்து எடுக்கப் போனாள். பொந்தில் காம்புகள்தாம் இருந்தன.

"ஐயா, என் பழம் எங்கே?"

"கோடையம்மா, கோடை! பழம் வற்றிச் சுருங்கிவிடும். காம்பு பத்திரமாக இருக்கிறதல்லவா? காம்பு காக்கும் முறையை நாளைக்குச் சொல்கிறேன்!" என்றார் குயிலார். அலகோரத்தில் ஒட்டியிருந்த அத்திச் சாற்றைக் கிளையில் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்காரு!" என்று மூக்காயி வியந்துகொண்டே பசியோடு வீடு திரும்பினாள்.

பிறகு ஒரு நாள் அடைகாக்கும் தாய்மாருக்கென்றே குயிலார் தனியாகப் பேசினார்.

"நாள் முழுக்க முட்டைமேல் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? காலை வெயில் இனாமாகக் காய்கிறது. அது அடைகாக்கட்டும்! அந்த நேரத்தில் நீங்கள் இங்கே வந்து நாலு நல்ல விஷயம் கேளுங்கள். இன்னொன்று. முட்டைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், புரட்டிப் புரட்டிப் பார்க்காதீர்கள். அத்தனையும் வீண் வேலை! கூட்டில் இருப்பதெல்லாம் நம் முட்டைதானே?"

"ஆமாம், ஆமாம்!" என்றது கூட்டம்.

கருப்பாயிக்கு முதலில் மனசு வரவில்லை. ஆனால் உடம்பு அசதி. 'கொஞ்ச நேரம்தானே, வெயில் பார்த்துக்கொள்ளும்' என்று எண்ணியவள், மறுநாள் காலையில் கூட்டை விட்டு இலுப்பை மரத்துக்குப் போனாள். குயிலார் அன்று ரொம்ப நேரம் பேசினார். புள்ளியாள் வழக்கமாக உட்காரும் கிளை காலியாக இருந்தது. கருப்பாயி அதைக் கவனித்தாள். 'பாவம், அவளுக்கும் வீட்டில் வேலை இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது, கீழே மூக்காயி மரத்தடியை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க ஏதோ முட்டை ஓடு கிடக்கு. எறும்பு மொய்க்குது."

"காத்துல யார் வீட்டு முட்டையோ விழுந்திருக்கும், பாவம்!" என்று சொல்லிவிட்டு, கருப்பாயி கூட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் காத்தமுத்து கூட்டை எட்டிப் பார்த்தான். "ஏ புள்ள, இதுல ஒண்ணு மட்டும் சின்னதாத் தெரியுதே?"

"முட்டையைப் புரட்டிப் பார்க்கறது வீண் வேலைன்னு குயிலார் சொல்லியிருக்காரு!"

வேலை ஒன்று குறைந்ததில் காத்தமுத்துவுக்கும் சந்தோஷம்தான். "சரி, விடு!" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

குஞ்சுகள் பொரிந்தன. முதலில் பொரிந்தது ஒரு கறுத்த குண்டுப் பயல். கண் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்தது. பிறகு வந்தவை இரண்டும் மெலிந்த குஞ்சுகள். கடைசிக் குஞ்சுக்குச் சத்தமே வரவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

இப்போது கருப்பாயிக்கு வேலை முன்னைவிடக் கூடிவிட்டது. எத்தனை புழு கொண்டுவந்தாலும் போதவில்லை. இலுப்பை மரத்துக்கு ஓடினாள்.

"ஐயா, பிள்ளைங்களுக்கு ஊட்டி மாளலை. ஏதாவது வழி சொல்லுங்க!"

குயிலார் கண்ணை மூடித் திறந்தார். "ரொம்பச் சுலபம்! கத்துகிற பிள்ளைக்குத்தான் பசி. கத்தாத பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கிறது. கத்துகிற வாயில் மட்டும் போடு! இரையும் மிச்சம், நேரமும் மிச்சம்!"

கருப்பாயி அப்படியே செய்தாள். குண்டுப் பயல் விடாமல் கத்தினான். எல்லா இரையும் அவன் வாய்க்குள் போனது. அவன் நாளுக்கு நாள் பெருத்தான். கூட்டில் பாதி இடம்கூட அவனுக்குப் போதவில்லை. மற்ற இரண்டும் ஓரத்தில் ஒடுங்கின.

"பெரியவன் நல்லா வளர்றான்ல!" என்று பூரித்தாள் கருப்பாயி.

"வளர்றான். ஆனா நம்ம சாயலே இல்லையே புள்ள? கழுத்துல என்ன இவ்வளவு புள்ளி?" என்றான் காத்தமுத்து.

"தென்கரைக் கொழுந்தோட மகிமையா இருக்கும்!"

ஒரு நாள் மழை தூறியது. குஞ்சுகளை இறக்கைக்குள் அணைக்கக் குனிந்தாள் கருப்பாயி. கடைசிக் குஞ்சு அவள் மார்பில் பட்டது. பஞ்சுபோல் கனமே இல்லை. எலும்பு குத்தியது. அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. கத்தவில்லை. வாயை மட்டும் மெல்லத் திறந்தது.

கருப்பாயி அதன் ஒட்டிய வயிற்றை அலகால் தடவிப் பார்த்தாள்.

"ஐயோ! இதுக்குப் பசி இல்லைன்னா நினைச்சேன்? கத்தத் தெம்பு இல்லாமப் போச்சே!"

தூறலிலேயே பறந்தாள். கிடைத்த ஈசலைக் கொத்தி வந்து, குண்டுப் பயலின் கூச்சலைத் தாண்டி, கடைசிக் குஞ்சின் வாயில் வைத்தாள். அது விழுங்கக்கூட முடியாமல் திணறியது. இரையைத் தன் அலகிலேயே மசித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். மழை விடும்வரை அதை விட்டு அசையவில்லை.

வெயில் வந்ததும் காத்தமுத்துவைக் கூப்பிட்டாள். "கூட்டை விட்டு நகராதீங்க. சின்னதுக்கு ஊட்டிக்கிட்டே இருங்க. ஊர்க்கதை இன்னைக்கு வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு நேரே இலுப்பை மரத்துக்குப் போனாள்.

அங்கே கூட்டம் நிரம்பி வழிந்தது. குயிலார், 'பிள்ளை வளர்ப்பில் சிக்கனம்' என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா!" என்றாள் கருப்பாயி. "நீங்க சொன்னபடி ஊட்டினேன். என் சின்னது சாகக் கிடக்குது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. குயிலார் கனைத்துக்கொண்டார். "நான் சொன்னதை நீ சரியாகச் செய்திருக்க மாட்டாய் அம்மா. நிறையப் பேர் செய்கிற தவறு அது."

"சரி, உங்க பிள்ளைங்களுக்கு நீங்க எப்படி ஊட்டினீங்க?"

"என் பிள்ளைகளா? நல்ல இடத்தில் வளர்கிறார்கள். எனக்கு ஒரு புழுகூடச் செலவில்லை!"

"அடேயப்பா! இதல்லவா சிக்கனம்!" என்று எல்லோரும் இறக்கை தட்டினார்கள்.

"உங்க கூடு எந்த மரத்துல இருக்கு?"

"கூடா? கூடு கட்டுவதே வீண் செலவு! நான் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கியதில்லை!"

மறுபடியும் இறக்கை தட்டல்.

"அப்ப உங்க வீட்டம்மா எங்கே முட்டையிட்டாங்க?"

குயிலார் அலகால் இறக்கையைக் கோதத் தொடங்கினார். புள்ளியாள் மெல்லப் பின்கிளைக்கு நகர்ந்தாள். கருப்பாயி முதல்முறையாக அவளை உற்றுப் பார்த்தாள். கழுத்து முழுக்கப் புள்ளி.

அந்த நேரத்தில் வேப்பமரத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. குண்டுப் பயல் இரைக்காகத் தொண்டை கிழியக் கத்தினான். அன்றைக்குப் பார்த்துக் குரல் உடைந்தது. "குக்... குக்கூ!"

கூட்டம் முழுக்க வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது.

மூக்காயிதான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா... அன்னைக்கு மரத்தடியில கிடந்த ஓடு..."

கருப்பாயிக்கு எல்லாம் விளங்கியது. தான் இங்கே உட்கார்ந்து வெயிலைப் பற்றி வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், புள்ளியாள் அங்கே கருப்பாயியின் முட்டையொன்றை வெளியே உருட்டிவிட்டுத் தன் முட்டையை வைத்திருக்கிறாள். அந்த ஓட்டைப் பார்த்து, 'யார் வீட்டு முட்டையோ' என்று சொன்னதும் அவளேதான்.

"என் புள்ளைய எறும்புக்குப் போட்டுட்டு, உன் புள்ளைய என் தலையில கட்டிட்டு, அதுக்குக் குறிப்பு வேற சொன்னியா?" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள்.

"தாய்மார்களே! நாளைய குறிப்பு, கோபத்தைச் சிக்கனப்படுத்துவது எப்படி..." குயிலார் முடிக்கவில்லை. முதுகில் கொத்து விழுந்தது. இரண்டு குயில்களும் ஏரியைத் தாண்டிப் பறந்து மறைந்தன. தாய்மார்கள் அலறியடித்துக்கொண்டு அவரவர் கூட்டுக்கு ஓடினார்கள், முட்டையை எண்ண.

கருப்பாயி கூட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்ட காத்தமுத்து குண்டுப் பயலை முறைத்தான்.

"தள்ளிவிட்டுடலாமா?"

குண்டுப் பயல் வழக்கம்போல் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். கருப்பாயி குறுக்கே வந்து நின்றாள்.

"அவங்க செஞ்சதை நாமளும் செய்யணுமா? இது என்ன குறிப்பா சொல்லிச்சு? பசிக்குதுன்னு கத்துது, அவ்வளவுதான். இருக்கட்டும். ஆனா இனிமே கத்துறவனுக்கு முதல் வாய் கிடையாது. முகத்தைப் பார்த்துத்தான் ஊட்டணும்."

காத்தமுத்து அன்றிலிருந்து வழியில் யாரிடமும் நிற்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பறந்தார்கள். செலவு கூடத்தான் செய்தது. நேரமும் மிஞ்சவில்லை. ஆனால் கடைசிக் குஞ்சு உடம்பு தேறி, ஒரு காலையில் கரகரவென்று, "கா!" என்றது. அத்தனை கர்ணகடூரமான சத்தத்தைக் கேட்டு எந்தத் தாயும் கருப்பாயியைப் போல் சந்தோஷத்தில் அழுதிருக்க மாட்டாள். குண்டுப் பயல் இறக்கை முளைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துபோனான்.

கொஞ்ச நாளில் இலுப்பை மரத்தில் மறுபடியும் கூட்டம். செம்போத்து ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் கூட்டு முட்டையை எடுத்துத் தின்பதில் பேர்போன பறவை. தலைப்பு: 'போலிக் குறிப்புகளை அடையாளம் காணும் எளிய வழிகள்'. தாய்மார்கள் முட்டையை அப்படியே போட்டுவிட்டு இடம் பிடிக்க ஓடினார்கள்.

"அக்கா, வரலையா? ரொம்ப நல்லாச் சொல்றாராம்!" என்று கூப்பிட்டாள் மூக்காயி.

"என் பிள்ளைங்க சாப்பிடற நேரம் மூக்காயி. நீ போய்ட்டு வா. போறதுக்கு முன்னாடி உன் பொந்தை நல்லா அடைச்சிட்டுப் போ!" என்ற கருப்பாயி, மசித்த இரையோடு கூட்டுக்குள் குனிந்தாள்.

குடும்பத்தைக் கட்டிச் சுமக்காதவர் சொல்லும் சுலப வழிகளை நம்பி நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மறந்தால், மிச்சப்படுவது எதுவும் நமக்கு மிஞ்சாது.